மருத்துவக் காப்பீடு மலைக்கு எட்டும் வழி: குன்னூர் தொகுதி வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சை வேட்பாளராக நிற்கிறேன். குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களின் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளிலும் வாக்குக் கேட்டுச் செல்லும்போது, பசுந்தேயிலை விலைக்கு அடுத்தபடியாக மக்கள் என்னிடம் விசாரிப்பது மருத்துவச் செலவைப் பற்றித்தான். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் யாருக்கும் போதுவதில்லை என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவக் காப்பீடு பற்றிய உங்கள் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று இருக்கும் உச்சவரம்பை உயர்த்துவதற்கு முன்பாக, அந்தத் திட்டத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கும் குடும்பங்களை உள்ளே கொண்டுவர வேண்டும். மருத்துவமனையில் படுப்பதற்கு முன்னும் வீடு திரும்பிய பின்னும் ஆகும் செலவைத் திட்டத்தின் பொறுப்பாக ஆக்க வேண்டும். இவ்வளவுதான் என் நிலைப்பாடு. கீழே வருவதெல்லாம் இதன் விளக்கம்.

ஐந்து லட்சம் ரூபாய்க்கு அட்டை ஏற்கெனவே இருக்கிறதே, இன்னும் எதை விரிவாக்குவது?

இந்தத் திட்டம் ஒரே நாளில் வந்ததல்ல. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறிய பிறகு 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற அளவை எட்டியது. 72,000 ரூபாயாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆட்சிகள் மாறினாலும் யாரும் இதைக் கைவிடவில்லை என்பது தமிழ்நாட்டு அரசியலில் அபூர்வமான விஷயம். அதற்கு எல்லாத் தரப்பினரையும் பாராட்டலாம்.

ஆனால் இத்தனை ஆண்டுகளில் பெரிதாக வளர்ந்தது தொகை மட்டும்தான். இருதய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகம், எலும்பு முறிவு என ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் அப்படிப்பட்ட சிகிச்சை ஒரு முறையோ இரு முறையோ தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். மாதந்தோறும் பையிலிருந்து போவது வேறு செலவு: இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, வெளியே வாங்கிவரச் சொல்லும் மாத்திரை, மேட்டுப்பாளையம் வரைக்குமான வண்டி வாடகை, கூட வருகிறவரின் கூலி இழப்பு. இவற்றில் எதையும் அட்டையைக் காட்டிப் பெற முடியாது, ஏனென்றால் திட்டம் அடிப்படையில் உள்நோயாளிகளுக்கானது. சில பெரிய பரிசோதனைகளும் சில தொடர் சிகிச்சைகளும் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விரிவாக்கம் என்று நான் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான்.

அட்டை கிடைக்காமல் வெளியே நிற்பவர்கள் யார்?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 25 நாள் வேலை என்றால் 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது ஒரே ஒருவர் தவறாமல் வேலைக்குப் போனாலே குடும்பம் வரம்பின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போனால், ஏட்டின்படி அவர்கள் ஏழைகள் அல்லர். அந்தக் குடும்பம் இரண்டு அறை லைன் வீட்டில் குடியிருப்பதும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தோடு அடகுக் கடையில் இருப்பதும் வருமானச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை.

நடைமுறையில் பல கிராம நிர்வாக அலுவலர்கள் மனிதாபிமானத்தோடு குறைத்து எழுதித் தருகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காக நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடப்பதும் நடக்காமல் போவதும் ஓர் அலுவலரின் இரக்கத்தைப் பொறுத்தது என்றால், அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? கண்டிப்பான அலுவலர் மாற்றலாகி வந்த மறுமாதமே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒருவருக்கு அட்டை இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது.

சிறு தேயிலை விவசாயிகளின் நிலை இன்னும் சிக்கலானது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்களின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மழைக்குப் பின் கொழுந்து குவியும்போது தொழிற்சாலை வாங்குவதற்குத் திணறும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை கருகிப்போனால் கையில் ஒன்றும் இராது. எந்த மாதத்தைப் பார்த்து ஆண்டு வருமானம் எழுதுவது? நிலம் இருக்கிறது என்பதாலேயே வசதியானவர் என்று முடிவுகட்டப்பட்டவர்கள் ஏராளம்.

தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் மூன்றாவது கூட்டம். வேலையில் இருந்தவரை தோட்ட மருத்துவமனை இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அந்த வசதி நின்றுவிடுகிறது. மகன் வீட்டோடு இருந்தால் மகனுடைய வருமானம் குடும்ப வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. முதுமையில் மருத்துவம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இவர்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் போகிறார்கள்.

அப்படியானால் வருமான வரம்பையே எடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா?

மலைப் பகுதிகளைப் பொறுத்தவரை, ஆம். நீலகிரியைப் போன்ற மலைப் பகுதிகளில் குடும்ப அட்டை வைத்திருக்கும் எல்லாரையும் வருமானம் பாராமல் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். வருமானம் பாராமல் சேர்ப்பது புதிய சிந்தனையும் அல்ல. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்த அனைவரையும் வருமானக் கணக்கின்றிச் சேர்க்கும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. 70 வயதுக்குப் பொருந்தும் நியாயம் 55 வயதில் மூட்டு தேய்ந்துபோன கொழுந்து பறிப்பவருக்கும் பொருந்தும்.

முழுமையாக எடுக்க அரசு தயங்கினால் இரண்டாவது வழி ஒன்று உண்டு. ராஜஸ்தானில் 2021 மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், ஏழைகளும் சிறு விவசாயிகளும் கட்டணமின்றிச் சேர்ந்தார்கள். மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேர அனுமதிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு அரசு செலுத்த ஒப்புக்கொண்ட ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். வரம்பைச் சற்றே தாண்டிய ஒரு குடும்பத்திடம் அந்தத் தொகையிலோ அதில் பாதியிலோ சேர விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்தவர் யாரும் இல்லை. தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் இதே பாதுகாப்பை ஒரு குடும்பம் பல மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அட்டை வாங்குவதில் என்ன சிரமம்? விண்ணப்பித்தால் கொடுத்துவிடுகிறார்களே?

கொடுத்துவிடுகிறார்கள், உண்மைதான். கோத்தகிரிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண்மணி எப்படி அதை வாங்குகிறார் என்று பார்ப்போம். முதலில் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய் வர வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஊட்டியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சிற்றூரிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பேருந்து, கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு இன்னொன்று. அன்றைய கூலி போனதுபோல்தான்.

அங்கே போனால், குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருக்கும். அதைத் திருத்தி எடுத்துவரச் சொல்வார்கள். அல்லது சர்வர் வேலை செய்யாது. அல்லது கைரேகை விழாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கீழ்நாட்டவர்கள் நம்ப மாட்டார்கள். பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து, தேயிலைக் கறை ஏறி, ரேகையே மங்கிப்போயிருக்கும். கருவியில் விரலை வைத்து, எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைத்து, எண்ணெய் தடவிப் பார்த்து, கடைசியில் “நாளைக்கு வாங்க அம்மா” என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நாற்பது ஆண்டு உழைப்பே தகுதிக் குறைவாக மாறும் இடம் இது.

இதற்கு நான் கேட்பது மிகச் சாதாரணமான ஏற்பாடு. குன்னூர், கோத்தகிரி வட்டாட்சியர் அலுவலகங்களில் நிரந்தரப் பதிவு மையம் வேண்டும். தோட்டங்களிலும் தொலைதூரக் கிராமங்களிலும் மாதம் ஒரு முறை, சம்பள நாளைத் தவிர்த்து, முகாம் நடத்த வேண்டும். ரேகை பதியாதவர்களுக்குக் கண் கருவிழிப் பதிவோ அலுவலரின் சான்றோ போதும் என்று எழுத்து மூலமான ஆணை வேண்டும். நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகு அட்டைக்காக உறவினரை ஊட்டிக்கு ஓட விடாமல், அந்த மருத்துவமனையிலேயே பதிவு செய்யும் வசதி வேண்டும். இவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் பெரிய தொகை எதுவும் தேவையில்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, நல்ல முறையில் கிடைக்கிறது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறை நாடு முழுவதும் பின்பற்றப்படும் முன்மாதிரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. இதை யார் தொடங்கினார்கள் என்று பார்த்து எதிர்ப்பது அறிவீனம்.

மலையில் இதன் பலவீனம் தூரத்தில் இருக்கிறது. சமவெளியில் ஒரு தன்னார்வலர் ஒரே தெருவில் முப்பது வீட்டைப் பார்த்துவிடலாம். இங்கே ஒரு சரிவில் நான்கு வீடு, அடுத்த சரிவில் மூன்று வீடு, நடுவில் காட்டெருமை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அளவுகோலை மலை, பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்றும், துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பதை 3,000 பேர் என்றும் ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறார்கள். அந்தத் தளர்வு வீடுதேடிச் செல்லும் பணியாளர்களின் எண்ணிக்கைக்கும் பயணப்படிக்கும் நீட்டிக்கப்பட வேண்டும்.

மருந்து தவிரப் பரிசோதனைச் செலவும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய கண், சிறுநீரகப் பரிசோதனை ஆகியவை உள்ளூரில் உரிய காலத்தில் கிடைக்காமல் தனியாரிடம் போகிறார்கள், அல்லது போகாமலே விட்டுவிடுகிறார்கள். பிந்தையதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பிறகு கால் விரலை எடுக்க வேண்டிய நிலை வரும்போது காப்பீட்டு அட்டை மனமுவந்து பணம் கொடுக்கும். வெளிநோயாளிப் பரிசோதனைகளுக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை காப்பீடு பொறுப்பேற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கோயம்புத்தூர் போகும் செலவை அரசு ஏன் தர வேண்டும்?

நோயாளி விரும்பிப் போகவில்லை என்பதால். உள்ளூர் மருத்துவமனை சீட்டு எழுதி அனுப்புவதால் போகிறார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் கீழிறக்கம். அங்கிருந்து கோவைக்கு ஏறத்தாழ இன்னொரு 35 கிலோமீட்டர். அவசர நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் கீழே கொண்டு போய்ச் சேர்க்கிறது. 2008 முதல் அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் தையல் பிரிக்காத நிலையில், மறுநாள் காலையில் “டிஸ்சார்ஜ்” என்று சொன்னதும், மேலே ஏறுவதற்கு வாடகைக் காரைத்தான் பிடிக்க வேண்டும். பிரசவித்த தாய்க்கும் சேய்க்கும் 102 வாகனம் வீடு வரை கொண்டுவந்து விடுகிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மற்றவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

டயாலிசிஸ், கீமோதெரபி எடுப்பவர்களை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை இலவசம், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மலையிறங்கி ஏறும் செலவில் அந்த இலவசம் கரைந்துபோகிறது. வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைய சிகிச்சையும் இல்லை. 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அரசு மருத்துவமனை பரிந்துரைத்து அனுப்பும் ஒவ்வொரு மலைவாழ் நோயாளிக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும், போக்குவரத்துப் படியைக் காப்பீட்டுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டும். மருத்துவமனை சிகிச்சைக்கான தொகையைக் கோரும்போதே இதையும் கோரிப் பெற்று நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்திவிடலாம்.

ஊட்டியில் 700 படுக்கை மருத்துவமனை வந்துவிட்டதே, இனியும் கோவை போக வேண்டுமா?

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து. கட்டடம் வந்துவிட்டது, மலையில் தங்கி வேலை பார்க்கச் சிறப்பு மருத்துவர்களை ஈர்ப்பதுதான் இனிமேல் உள்ள வேலை. குளிரையும் தனிமையையும் பார்த்துவிட்டு ஓராண்டில் மாற்றல் கேட்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். குடியிருப்பு, மலைப்படி, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைக் கவனித்தால் அவர்கள் தங்குவார்கள். குன்னூர் அரசு லாலி மருத்துவமனையும் கோத்தகிரி அரசு மருத்துவமனையும் ஊட்டிக்கு நோயாளியை அனுப்பும் இடைநிலை நிறுத்தங்களாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதும் என் கவலை.

காப்பீட்டுப் பணம் எல்லாம் தனியார் மருத்துவமனைகளுக்குத்தானே போகிறது?

இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. நானும் அதை மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தின்கீழ் சிகிச்சைக்கான தொகையைக் கோரிப் பெறுகின்றன, அந்தப் பணத்தைக் கருவிகளுக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்துகின்றன. எனவே மலை நோயாளி ஊட்டியிலோ குன்னூரிலோ சிகிச்சை பெற்றால் அந்தப் பணம் மலையிலேயே தங்கும். காப்பீட்டையும் அரசு மருத்துவமனையையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்களோடு நான் உடன்படவில்லை. மருத்துவர் இல்லாத மலையில் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாதா?

தோட்டத் தொழிலாளர்கள் பொதுவாக ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வந்ததில்லை. அவர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தியது. தேயிலை விலை நன்றாக இருந்த காலத்தில் பெரிய தோட்டங்கள் மருத்துவர், மருந்தாளுநர், பிரசவ அறை என்று உண்மையான மருத்துவமனைகளை நடத்தின. இன்று பல இடங்களில் அது ஒரு பூட்டிய கட்டடமாகவோ காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் அறையாகவோ மாறியிருக்கிறது. தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்ட உரிமையாளர் விரும்பினால் தன் தொழிலாளர்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்று வழி திறந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளி மருத்துவமும், நோய்க்கால ஊதியமும், மகப்பேறு உதவியும் அடங்கும். தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதம், உரிமையாளரின் பங்கு 3.25 சதவீதம். பூட்டிய மருத்துவமனையைக் கணக்கில் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் “விரும்பினால்” என்ற சொல்லை நம்பித் தொழிலாளியை விட்டுவிட முடியாது. அதோடு, குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி போதுமான அளவில் அமையாமல் சம்பளத்தில் பிடித்தம் மட்டும் செய்தால், அது தொழிலாளிக்குப் புதிய சுமைதான். வசதி முதலில், பிடித்தம் பிறகு என்ற வரிசையை வற்புறுத்துவேன்.

பழங்குடி மக்களுக்கு உங்கள் திட்டத்தில் தனியாக என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும் வாழும் மாவட்டம் இது. அவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதையே நிறுத்த வேண்டும் என்பது முதல் கோரிக்கை. சமூகச் சான்றிதழ் கூடச் சிலரிடம் இராது. ஊர்ப் பட்டியலை வைத்தே சேர்த்துவிடலாம்.

இரண்டாவது, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் அணு இரத்தசோகை. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்நோய் இருப்பது 1952லேயே மருத்துவ ஆய்வில் பதிவாகிவிட்டது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. இந்தப் பரம்பரை நோய் உள்ள ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் மாத்திரையும் கண்காணிப்பும் தேவை. அவ்வப்போது தாங்க முடியாத வலி வரும், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். உள்நோயாளிக் காப்பீடு இந்த நோய்க்குப் பொருந்தாது. தொடர் சிகிச்சைக்கான தனித் தொகுப்பு வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே நம் மாவட்டத்திலேயே நடந்ததைப் படித்துப் பார்க்க வேண்டும். கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை 1990களின் தொடக்கத்தில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்காகச் சமூக மருத்துவக் காப்பீட்டை ஏற்படுத்தியது. மக்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினார்கள், மருத்துவமனை அவர்களுடையது, கிராமத்திலிருந்தே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள், செவிலியர்களும் அந்தச் சமூகத்துப் பெண்கள். மாநில அரசின் காப்பீடு வருவதற்கு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இது இங்கே நடந்தது. நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர் வாசலில் நின்றால் மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறவர்களும் வருவார்கள் என்பதைக் கூடலூர் காட்டிவிட்டது. கரிக்கையூரிலிருந்து வரும் இருளர் பெண்ணுக்குக் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

ராஜஸ்தானில் 25 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்களே, நீங்கள் ஏன் பெரிய தொகையாக வாக்குறுதி தரவில்லை?

தொகை பெரிதாக இருந்தால் சுவரொட்டியில் நன்றாக இருக்கும். 5 லட்சத்தைத் தாண்டும் சிகிச்சை மிகச் சிலருக்கே வருகிறது. அப்படி வருபவர்களுக்குத் தனி நிதி ஏற்படுத்தலாம். பேருந்துக்கு வழியில்லாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் அவர்களைவிட மிக அதிகம். கையில் உள்ள பணம் அளவானது என்னும்போது அவர்களைத்தான் முதலில் கவனிப்பேன்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாடு அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 1.37 கோடி குடும்பங்கள். குடும்பத்துக்கு 849 ரூபாய் என்ற கணக்கில் பிரீமியம் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நீலகிரி மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று. இங்கே விடுபட்ட குடும்பங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் மாநிலக் கணக்கில் அது ஒரு சிறு கூட்டல்தான். பரிசோதனைத் தொகுப்புக்கும் போக்குவரத்துப் படிக்கும் கூடுதல் செலவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அதற்காகத்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் கேட்காமல், மலைப் பகுதிகளில் முன்னோட்டமாக நடத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

மத்திய அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதிவைத்தது அவர்கள்தான்.

ஒரு சுயேச்சை உறுப்பினரால் சட்டமன்றத்தில் என்ன செய்துவிட முடியும்?

நியாயமான சந்தேகம். அரசுக்குச் செலவு வைக்கும் எந்த மசோதாவையும் ஆளுநரின் பரிந்துரையின்றிப் பேரவை நிறைவேற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 207ஆம் பிரிவு சொல்கிறது. எனவே “நான் சட்டம் கொண்டுவருவேன்” என்று எந்தத் தனி உறுப்பினர் சொன்னாலும் நம்பாதீர்கள். கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் பதில் வாங்கலாம், துறைக்கான நிதியைக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது, அதைக் குறைக்கக் கோரிக் குறையைச் சுட்டும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், மற்ற மலைத் தொகுதி உறுப்பினர்களைக் கட்சி பாராமல் சேர்த்துக்கொண்டு துறைச் செயலாளரைப் பார்க்கலாம். பதிவு மையம், முகாம், ரேகைக்கு மாற்று ஏற்பாடு போன்றவை சட்டம் தேவைப்படாத, நிர்வாக ஆணையால் முடியும் வேலைகள். அவற்றை விடாமல் பின்தொடர்வதற்கு ஓர் ஆள் போதும். ஆண்டுக்கு 3 கோடி ரூபாயான தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பிரீமியம் கட்ட முடியாது. ஆனால் இரு வட்ட மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கருவிகள் வாங்க முடியும். முதல் ஆண்டு நிதியில் அதற்கே முன்னுரிமை.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்துமா?

ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இங்கே கொழுந்து பறிப்பவர்களில் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பத்தினர், அந்த அட்டையைத் தமிழ்நாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். இதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை, காய்ச்சல் இருக்கிறது.

அட்டை இருந்தும் மருத்துவமனை பணம் கேட்டால் என்ன செய்வது?

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். முதலில் அவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993இல் புகாரைப் பதியுங்கள். சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை: 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, யாராக இருந்தாலும் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், அரசின் செலவு. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதைச் செய்தீர்களா என்று நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

என் அறிக்கையை நம்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். குன்னூர், கோத்தகிரி வட்டங்களில் இந்த ஆண்டு எத்தனை புதிய குடும்பங்கள் காப்பீட்டில் சேர்க்கப்பட்டன, எத்தனை விண்ணப்பங்கள் என்ன காரணத்தால் திருப்பப்பட்டன, கைரேகை பதியாததால் திரும்பியவை எத்தனை, முகாம்கள் எந்தெந்த ஊர்களில் எந்தெந்தத் தேதிகளில் நடந்தன என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள்.